சின்னக் கழகமும் சம்பளப் பக்கமும்



வழமையாக இந்த நேரத்தில் வருமான வரிப் படிவம், வீட்டு வாடகைக் கணக்கு, ஓய்வூதியம் என்றுதான் நான் உங்களோடு கதைப்பது. இன்றைக்கு ஒரு கணினி விளையாட்டைப் பற்றிக் கதைக்கப்போகின்றேன். "இவருக்கு என்ன நடந்தது?" என்று சிலர் நினைக்கக்கூடும். இதுவும் கணக்குத்தான் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் விளங்கிக்கொள்வீர்கள்.

வரிக்கணக்கு விடயமாக என்னிடம் வருகின்ற பெற்றோர் பலர் கடைசியில் ஒரே முறைப்பாட்டைத்தான் சொல்கிறார்கள். "பிள்ளை இரவிரவாகக் கொம்பியூட்டருக்கு முன்னால இருக்குது, ஏதோ உதைபந்தாட்ட விளையாட்டாம்" என்பார்கள். என்ன விளையாட்டு என்று கேட்டால் தெரியாது. எங்கள் வீட்டிலும் பதினேழு வயதில் ஒரு பையன் இருக்கிறான். அவன் என்னதான் செய்கிறான் என்று பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பார்த்தேன். ஒரு பருவகாலம் முழுவதும், வாரத்தில் இரண்டு மாலை, நாங்கள் இருவரும் சேர்ந்தே விளையாடி முடித்தோம். அந்த அனுபவத்தைத்தான் இன்று சொல்லப்போகின்றேன்.

முதலில் இது என்ன விளையாட்டு என்று தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். இதில் நீங்கள் பந்தை உதைப்பதில்லை. நீங்கள் ஒரு கழகத்தின் முகாமையாளர். யாரை வாங்குவது, யாரை விற்பது, யாருக்கு எவ்வளவு சம்பளம், யார் பதினொருவரில் இறங்குவது, என்ன பயிற்சி என்பதெல்லாம் உங்கள் முடிவு. ஆட்டத்தைக் கணினி நடத்தும். நீங்கள் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பார்ப்பீர்கள், அவ்வளவுதான்.

இந்த வகை விளையாட்டு புதியது அல்ல. இங்கிலாந்தில் கெவின் ரொம்ஸ் என்பவர் 1982இல் ஒரு சிறிய வீட்டுக் கணினிக்காகத் தனியாளாக இப்படி ஒன்றை எழுதி வெளியிட்டார். யேர்மனியில் 1989இல் 'புண்டஸ்லீகா மனேஜர்' வந்தது. பிறகு 1990களில் 'அன்ஸ்ரொஸ்' என்ற தொடர் வந்தது. இங்கே எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் இளைஞர்களாக வந்து சேர்ந்த நம்மவர்களில் சிலர், கூட வேலை செய்த யேர்மன் நண்பர்களின் வீட்டில் இவற்றைக் கண்டிருப்பீர்கள். 1992இல் இங்கிலாந்தில் பால் கொலியர், ஒலிவர் கொலியர் என்ற இரண்டு சகோதரர்கள் வெளியிட்ட விளையாட்டின் வழியில் வந்ததுதான் இன்று பிள்ளைகள் விளையாடுகின்ற 'ஃபுட்போல் மனேஜர்'. உரிமச் சிக்கல்களால் அது நீண்ட காலம் யேர்மனியில் முறைப்படி விற்கப்படவில்லை. 2018ஆம் ஆண்டு நவம்பரில் வந்த பதிப்போடுதான், புண்டஸ்லீகாவின் உரிமத்தையும் பெற்றுக்கொண்டு, இந்த நாட்டுக் கடைகளுக்கு வந்தது.

அதிலே ஒரு வீரனின் ஓட்டம், உதை, தலையால் அடித்தல், மன உறுதி எல்லாவற்றுக்கும் 1 முதல் 20 வரை புள்ளி உண்டு. உலகம் முழுவதும் பல நாடுகளில் ஆட்களை வைத்து இந்தத் தரவுகளைச் சேர்க்கிறார்கள். 2008இல் இங்கிலாந்தின் எவேர்ட்டன் கழகம், வீரர்களைத் தேடுவதற்காக இந்த விளையாட்டின் தரவுத்தளத்தைப் பயன்படுத்த ஒப்பந்தம் செய்தது என்றால், இதைப் பொழுதுபோக்கு என்று மாத்திரம் தள்ளிவிட முடியாதுதானே.

சரி, எந்தக் கழகத்தை எடுப்பது? மகனுக்கு பயேர்ன் மூன்சன் வேண்டும். அது எங்களுக்குப் பக்கத்துக் கழகம், எல்லாம் வெல்லும் கழகம். ஆனால் பயேர்னை எடுத்தால் எனக்கு அங்கே வேலை இல்லை. பெட்டி நிறையக் காசு உள்ள இடத்தில் கணக்காளருக்கு என்ன வேலை? ஆகவே நான் ஒரு நிபந்தனை போட்டேன். "தம்பி, நான் உன்னோட இருக்கிறதெண்டால் உன்ரஹாஹிங்தான்" என்றேன்.

உன்ரஹாஹிங் எங்களுக்குத் தூரமான ஊர் அல்ல. நாங்கள் மூன்சனுக்கு வடக்கே, அவர்கள் தெற்கே. கார்ஹிங்கில் U6 ஏறி மரியன்பிளாட்ஸில் இறங்கி S3 எடுத்தால் போய்ச் சேரலாம். ஊருக்குள் பார்த்தால் அமைதியான ஒரு புறநகர். அவர்களுடைய கழகச் சின்னத்தில் பந்தோடு பனிச்சறுக்கு வண்டியான 'பொப்' ஒன்றும் நீண்டகாலமாக இருந்து வருகிறது. அப்படிப்பட்ட கழகம் 1999இல் புண்டஸ்லீகாவின் முதற் பிரிவுக்கு ஏறியது. முதற் பருவத்திலேயே பத்தாம் இடத்தைப் பிடித்தது.

2000ஆம் ஆண்டு மே 20ஆம் திகதியை உதைபந்தாட்டம் பார்க்கின்ற நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பருவத்தின் கடைசி நாள். பயர் லெவர்கூசன் மூன்று புள்ளிகளால் முன்னுக்கு நிற்கிறது. உன்ரஹாஹிங்கில் ஒரு சமநிலை எடுத்தாலே யேர்மன் சம்பியன். ஆனால் மிக்காயல் பலக் தன் வலைக்குள்ளேயே ஒரு சொந்தக் கோல் போட்டார். இரண்டாம் பாதியில் ஒபர்லைட்னர் மற்றொன்றைப் போட்டார். 2க்கு 0. அதே நேரத்தில் மூன்சன் ஒலிம்பிக் மைதானத்தில் பயேர்ன், பிறேமனை 3க்கு 1 என்று வென்று, கோல் வித்தியாசத்தில் கிண்ணத்தை எடுத்தது. சுமார் 15 ஆயிரம் பேர் கொள்ளும் ஒரு மைதானத்தில் அந்த ஆண்டின் சம்பியன் யார் என்பது தீர்மானிக்கப்பட்டது.

அதற்கு அடுத்த ஆண்டும் கடைசி நாளில் உன்ரஹாஹிங் நடுவிலே நின்றது. 2001 மே 19ஆம் திகதி ஷால்கவின் மைதானத்தில் 2க்கு 0 என்று முன்னுக்கு நின்று, பிறகு 3க்கு 2 என்றும் முன்னுக்கு நின்று, ஈற்றில் 5க்கு 3 என்று தோற்றது. ஷால்க ரசிகர்கள் தாங்கள்தான் சம்பியன் என்று கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். ஹம்பேர்க்கில் பயேர்ன் கடைசி நிமிடத்தில் போட்ட கோல் அந்தக் கொண்டாட்டத்தைக் கலைத்ததை எல்லோரும் கதைப்பார்கள். அன்றைக்கு அந்தத் தோல்வியோடு உன்ரஹாஹிங்கும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அதைப் பற்றிக் கதைப்பவர்கள் குறைவு. சின்னக் கழகத்தின் கதை எப்போதும் அப்படித்தான். பெரியவர்களின் கதைக்குள் ஒரு வரியாக வந்து போகும்.

அதற்குப் பிறகு அவர்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். 2015இல் நான்காம் பிரிவுக்கு இறங்கி, 2017இல் ஏறி, 2021இல் திரும்ப இறங்கி, 2023 ஜூனில் எனர்ஜி கொட்புஸ் கழகத்தை வென்று மூன்றாம் பிரிவுக்கு மீண்டும் வந்தார்கள். நாங்கள் எடுத்தது அந்த 2023–24 பருவத்தைத்தான். மூன்றாம் லீகாவில் 20 கழகங்கள், 38 ஆட்டங்கள். முதல் இரண்டு இடங்களும் நேரே மேலே போகும். மூன்றாவது இடத்துக்குத் தகுதிகாண் ஆட்டம். கடைசி நான்கும் கீழே போகும்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஆடுகளம் மகனுக்கு, கணக்கு எனக்கு. முதல் நாள் அவன் நேரே வீரர் பட்டியலுக்குப் போனான். நான் நிதிப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். விளையாட்டு எங்களுக்குத் தந்த கணக்கில், சம்பளத்துக்கென்று நிர்வாகம் ஒதுக்கிய தொகை ஏற்கனவே எல்லையைத் தொட்டு நின்றது. புதிதாக ஒருவரைக்கூட எடுக்க இடமில்லை. மகனுக்கு முகம் வாடிவிட்டது. "அப்பா, இதில எப்பிடி விளையாடுறது?" என்றான்.

நேயர்களே, இந்த இடத்தில் ஒரு சின்ன வணிகப் பாடம். யாழ்ப்பாணத்தில் வணிகமாணி படித்த காலத்தில் எங்கள் விரிவுரையாளர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது, நிலையான செலவு வேறு, மாறும் செலவு வேறு என்பதுதான். கடை திறந்தாலும் பூட்டினாலும் கொடுக்கவேண்டிய வாடகை நிலையான செலவு. விற்றால் மாத்திரம் வருகின்ற செலவு மாறும் செலவு. ஒரு உதைபந்தாட்டக் கழகத்தின் ஆகப் பெரிய நிலையான செலவு வீரர் சம்பளம். வெற்றி வந்தாலும் வராவிட்டாலும் மாத முடிவில் அது போகவேண்டும். நுழைவுச்சீட்டு வருமானமோ மழை பெய்தால் குறையும், தோற்றால் இன்னும் குறையும்.

ஆகவே நாங்கள் மூன்று காரியம் செய்தோம். அதிகம் விளையாடாத ஐந்து பேரை விட்டோம். பெரிய கழகங்களில் வாங்கில் இருக்கின்ற நான்கு இளைஞர்களை இரவலுக்கு எடுத்தோம். இரவல் வீரனின் சம்பளத்தில் ஒரு பங்கை அவனுடைய சொந்தக் கழகமே கொடுக்கும்படி பேசி முடிக்கலாம். மூன்றாவது, ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது மாதச் சம்பளத்தைக் குறைத்து, இறங்கிய ஆட்டத்துக்கு இவ்வளவு, போட்ட கோலுக்கு இவ்வளவு என்று எழுதினோம். அதாவது நிலையான செலவில் ஒரு பகுதியை மாறும் செலவாக மாற்றினோம். இதைச் சொல்லிக் கொடுக்க வகுப்பறையில் எனக்கு இரண்டு கிழமை எடுத்திருக்கும். மகன் அரை மணித்தியாலத்தில் பிடித்துக்கொண்டான். தனக்கு ஒரு முன்கள வீரன் தேவை என்றால் யாருக்கும் கணக்கு விளங்கும்போல.

ஒரு விதியும் வைத்தோம். இந்த விளையாட்டில், தோற்றால் பழைய இடத்துக்குத் திரும்பிப்போய் அதே ஆட்டத்தை மீண்டும் ஆடலாம். சேமித்த கோப்பைத் திறந்தால் போதும். எங்கள் வீட்டில் அதற்கு அனுமதி இல்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். நவம்பரில் ஒரு மழை நாளில் சொந்த மைதானத்தில் 4க்கு 0 என்று தோற்றோம். அவன் கை சுட்டியில் இருந்தது. என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. மேலும் ஒரு நிமிடம் இருந்துவிட்டு, "சரி, அடுத்தது" என்று தொடர்ந்தான். அந்தப் பருவத்தில் நாங்கள் எடுத்த எந்த வெற்றியையும் விட அந்த ஒரு நிமிடம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

கிறிஸ்மஸ் வந்தபோது நாங்கள் ஐந்தாம் இடத்தில் நின்றோம். கீழே போகாமல் இருந்தால் போதும் என்று நிர்வாகம் கேட்டிருந்த கழகம் அது. மகனுக்கு இப்போது இரண்டாம் பிரிவு கண்ணில் தெரியத் தொடங்கிவிட்டது. அப்போதுதான் ஜனவரியில் அந்தக் கடிதம் வந்தது. எங்களுடைய 19 வயது முன்கள வீரனை, அந்தப் பருவத்தில் எங்களுக்கு அதிக கோல் போட்டவனை, மேற்பிரிவுக் கழகம் ஒன்று கேட்டது. அவனுடைய ஒப்பந்தம் ஜூன் 30ஆம் திகதியோடு முடிகிறது. புதுப்பிக்கக் கேட்டோம். அவனுடைய முகவர் சொன்ன சம்பளம் எங்கள் சம்பளப் பட்டியலில் யாரும் எடுக்காத தொகை.

"அப்பா, இவனை வித்தால் நாங்கள் எப்பிடி மேல போறது?"

"விக்காட்டி ஜூனில சும்மா போவான் தம்பி. அப்ப ஒரு சதமும் வராது."

இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1995 டிசம்பர் 15ஆம் திகதி, பெல்ஜிய வீரர் போஸ்மன் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஒப்பந்தம் முடிந்த வீரனுக்காக, அவனை எடுக்கின்ற ஐரோப்பிய ஒன்றியக் கழகம் பழைய கழகத்துக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை என்று ஆனது. வீரனுக்கு அது விடுதலை. அவன் ஒரு தொழிலாளி, வேலை மாற அவனுக்கு உரிமை உண்டு. ஆனால் வளர்த்துவிட்ட சின்னக் கழகம், ஒப்பந்தம் முடியுமுன்னரே விற்கவேண்டிய நிலைக்கு வந்தது. இப்போது கடைசி ஆறு மாதங்களில் வீரன் வேறு கழகத்தோடு முன்கூட்டியே கையெழுத்தும் போடலாம்.

நான் மகனுக்கு உண்மையான உன்ரஹாஹிங் செய்ததைச் சொன்னேன். கரிம் அடெயேமி என்ற பையன் சின்ன வயதில் பயேர்ன் இளையோர் அணியை விட்டு உன்ரஹாஹிங்குக்கு வந்தவர். அங்கேதான் வளர்ந்தார். 2018இல், 16 வயதில், அவரை ஒஸ்ரியாவின் சால்ஸ்பூர்க் கழகத்துக்கு மூன்று மில்லியன் யூரோவுக்கு மேல் வாங்கிக்கொண்டு விற்றார்கள். 2022இல் அவர் அங்கிருந்து டோர்ட்முண்டுக்குப் பெருந்தொகைக்குப் போனார். சின்னக் கழகம் பிழைப்பதற்கு இதுவும் ஒரு வழி. வளர்த்து, நல்ல விலைக்குக் கொடுத்து, வந்த காசில் அடுத்த பத்துப் பிள்ளைகளை வளர்ப்பது.

அதோடு பிபா சங்கத்தின் விதி ஒன்றும் இருக்கிறது. நாடு விட்டு நாடு ஒரு வீரன் விற்கப்படும்போது, அந்தத் தொகையில் 5 வீதம், அவனை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். 12 முதல் 15 வயது வரையான ஆண்டு ஒவ்வொன்றுக்கும் கால் வீதம், அதற்குப் பின்னர் ஆண்டுக்கு அரை வீதம். அதாவது, 30 மில்லியனுக்குப் போகின்ற வீரனை 12 வயதில் ஒரு வருடம் மட்டும் வைத்திருந்த கிராமத்துக் கழகத்துக்கும் 75 ஆயிரம் யூரோ வரும். இதைக் கேட்டு மகன் வாயைத் திறந்துகொண்டு இருந்தான்.

கடைசியில் அவனே பேரம் பேசினான். அவர்கள் சொன்ன 3 இலட்சம் யூரோவை இரண்டரை இலட்சமாகக் குறைக்கச் சம்மதித்து, அதற்குப் பதிலாக, அந்த வீரன் அடுத்த முறை விற்கப்படும்போது எங்களுக்கு 20 வீதம் தரவேண்டும் என்று எழுதுவித்தான். இன்றைய வருமதியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நாளைய வருமதியை வாங்கினான். பட்டயக் கணக்காளர் ஒருவர் செய்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்.

ஆனால் கோல் போடுகிறவன் போய்விட்டான். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வெற்றி குறைந்தது. ஈற்றில் நாங்கள் எட்டாம் இடத்தில் பருவத்தை முடித்தோம். உண்மையான உன்ரஹாஹிங்கும் அந்தப் பருவத்தில் அட்டவணையின் நடுப்பகுதியில்தான் முடித்தது. விளையாட்டின் நிர்வாகம் எங்களைப் பாராட்டிக் கடிதம் அனுப்பியது. ரசிகர்கள், மேலே போக முயற்சிக்கவில்லை என்று குறைபட்டார்கள். மகன் மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. "நாங்கள் வெல்லப் பாக்கேல்ல அப்பா, நிண்டுபிடிக்கத்தான் பாத்தனாங்கள்" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அவனுக்கு நான் அப்போது பதில் சொல்லவில்லை. பதிலாக அவனைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர் ஏரிக்கரைப் பக்கம் நடந்தேன். அங்கேதான் வி.எஃப்.ஆர் கார்ஹிங் கழகத்தின் மைதானம் இருக்கிறது.

நடக்கும்போது மூன்று கழகங்களின் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கின்றேன்.

முதலாவது 1860 மூன்சன். 1966இல் யேர்மன் சம்பியன், பழம்பெரும் கழகம். 2017இல் இரண்டாம் பிரிவிலிருந்து இறங்கியது. மூன்றாம் பிரிவில் ஆடுவதற்கான அனுமதிக்குத் தேவைப்பட்ட பணம் குறித்த நாளுக்குள் வந்து சேரவில்லை. முதலீட்டாளர் பக்கத்திலிருந்து வரவேண்டிய தொகை அது. ஆகவே ஒரேயடியாக நான்காம் பிரிவுக்குப் போனது. அங்கே 2017–18 பருவத்தில் யாரோடு ஒரே லீகாவில் ஆடியது தெரியுமா? எங்கள் ஊர் கார்ஹிங்கோடு.

இரண்டாவது துர்க்கியூச்சு மூன்சன். நம்மைப்போல வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள், துருக்கிய மக்கள், 1975இல் தொடங்கிய கழகம். 2020இல் மூன்றாம் லீகாவுக்கு ஏறியது. குடிபெயர்ந்து வந்தவர்கள் தொடங்கிய கழகம் ஒன்று அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை. எவ்வளவு பெருமையான விடயம்! ஆனால் அந்த ஏற்றம் பெரும்பாலும் ஒரு முதலீட்டாளரின் பணத்தில் நின்றது. 2022 ஜனவரியில் கழகம் வங்குரோத்து மனுக் கொடுத்தது. இந்த நாட்டில் அப்படிக் கொடுத்தால் 9 புள்ளிகள் வெட்டப்படும். புள்ளி வெட்டியதோடு முடியவில்லை. மார்ச் மாதத்தில், பருவத்தின் நடுவிலேயே, ஆட முடியாமல் நிறுத்திக்கொண்டது. அது ஆடிய ஆட்டங்களின் முடிவுகள் எல்லாம் அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டன. வென்ற ஆட்டம்கூடக் கணக்கில் இல்லை. மகன் நடையை நிறுத்திவிட்டு, "வெண்டதும் இல்லையா?" என்று கேட்டான். "இல்லை தம்பி, வெண்டதும் இல்லை" என்றேன். அந்தக் கழகம் பிறகு நான்காம் பிரிவில் திரும்பவும் தொடங்கியது. அதற்காக உழைத்தவர்களை நான் மதிக்கின்றேன்.

மூன்றாவது, நாங்கள் பார்த்துக்கொண்டு நின்ற கார்ஹிங். 1921இல் தொடங்கிய கழகம். 2014இல் முதன்முறையாக நான்காம் பிரிவுக்கு ஏறி, அடுத்த ஆண்டே இறங்கி, 2016இல் திரும்ப ஏறி, சில ஆண்டுகள் நின்றுபிடித்தது. பிறகு மீண்டும் கீழே. ஆனால் கழகம் இருக்கிறது. பிள்ளைகள் இன்றும் ஏரிக்கரையில் பயிற்சிக்கு வருகிறார்கள்.

உன்ரஹாஹிங்கை நான் குறையில்லாத கழகம் என்று காட்ட வரவில்லை. 2019 ஜூலையில் பங்குச்சந்தைக்குப் போனது. டோர்ட்முண்டுக்குப் பிறகு யேர்மனியில் அப்படிப் போன இரண்டாவது உதைபந்தாட்டக் கழகம் அது. ஒரு பங்கு 8 யூரோ 10 சதம். இரண்டு ஆண்டில் நான்காம் பிரிவுக்கு இறங்கியது. 2025இல் மறுபடியும் இறங்கியது. கவனமாக நடந்தாலும் தோல்வி வரும். ஆனால் வென்றால்தான் அடுத்த மாதச் சம்பளம் கொடுக்கலாம் என்ற நிலையில் ஒரு கழகத்தை வைத்திருந்தால், ஒரு தோல்வியே கழகத்தை முடித்துவிடும். நின்றுபிடிப்பவனுக்குத்தான் வெல்வதற்கு இன்னொரு தடவை கிடைக்கும். மகனுக்கு நான் சொல்ல நினைத்த பதில் அதுதான்.

இந்தக் கதை இதோடு முடிந்திருந்தால் இன்றைக்கு நான் இதை வானொலியில் சொல்லியிருக்க மாட்டேன். சில கிழமைகள் கழித்து நடந்ததைச் சொல்லவேண்டும்.

மகன் இங்கே நம்மவர்கள் நடத்துகின்ற ஒரு விளையாட்டுக் கழகத்தின் இளையோர் அணியில் ஆடுகிறான். கழகத்தின் பெயர் வேண்டாம். உங்கள் நகரத்திலும் அப்படி ஒன்று இருக்கும். குருநகர் பாடும்மீன், ஊரெழு றோயல், பாசையூர் சென் அன்ரனிஸ் என்று ஊரில் பார்த்த ஞாபகத்தில் நம்மவர்கள் தொடங்கியவைதான் இவை எல்லாம். அந்தக் கழகத்துக்கு குளிர்கால மண்டப வாடகை, உடுப்பு, பயணச் செலவு எல்லாவற்றையும் பல ஆண்டுகளாக ஒரு அண்ணர் தன் சொந்தக் கையால் கொடுத்து வந்தார். நல்ல மனிசன். ஒருநாளும் தன் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டதில்லை.

வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கப்பட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். மகன் கை உயர்த்தினான். "மாமா காசு தராட்டி எங்களுக்கு எத்தினை மாதத்துக்கு மண்டபம் இருக்கும்?" என்று கேட்டான்.

கூட்டம் அமைதியாகிவிட்டது. பெரியவர்கள் சிலருக்கு முகம் கறுத்தது. முன்வரிசையில் இருந்த ஒருவர், பிள்ளை வளர்ப்பு இதுவா என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தார். உதவி செய்கிற ஆளை வைத்துக்கொண்டு இப்படிக் கேட்கலாமா என்ற எண்ணம் எனக்கும் ஒரு கணம் வந்தது. நம்முடைய வழக்கம் அப்படி. கொடுக்கிற கையைக் கேள்வி கேட்பதில்லை.

ஆனால் அந்த அண்ணரே எழும்பினார். "தம்பி கேட்டது சரி. எனக்கும் அறுபது தாண்டியிட்டுது. மகள் லண்டனில. நாங்களும் அங்க போகத்தான் யோசிக்கிறம். உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல் இருந்தனான்" என்றார்.

அன்று கூட்டம் இரண்டு மணித்தியாலம் நீண்டது. கையிருப்பைக் கணக்குப் பார்த்தால், அண்ணரின் காசு இல்லாமல் இரண்டு மாத வாடகைக்குத்தான் போதும். அங்கத்துவப் பணத்தை மாதம் ஐந்து யூரோவால் கூட்டுவது என்று முடிவானது. மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு அது பாரம் என்று சிலர் சொன்னார்கள். அதுவும் உண்மை. மூன்றாவது பிள்ளைக்குப் பணம் இல்லை என்று மாற்றினார்கள். இரண்டு குடும்பங்கள் மனம் பொறுக்காமல் விலகிப்போனார்கள். ஒரு குடும்பம் பிறகு திரும்பி வந்தது. அண்ணர் தரும் பணத்தை இனிமேல் அன்றாடச் செலவுக்கு எடுக்காமல் ஒதுக்கீடாகத் தனியே வைப்பது என்றும் எழுதிக்கொண்டார்கள். இந்தக் குளிர்காலம் எப்படிப் போகும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். கழகம் தப்பிவிட்டது என்று சொல்ல இன்னும் நேரம் வரவில்லை.

ஆகவே நேயர்களே, சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையோ, கலைக்கழகமோ, விளையாட்டுக் கழகமோ, கோயிலோ, நீங்கள் எந்த நிர்வாகத்தில் இருந்தாலும் மூன்று கேள்விகளை இந்த மாதம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வரவு முழுவதும் நின்றால் எத்தனை மாதம் தாங்கும்? நமது வரவில் ஒரே ஒருவரிடமிருந்து வருவது நூற்றுக்கு எத்தனை? எந்தச் செலவை நிலையான செலவிலிருந்து மாறும் செலவாக மாற்றலாம்? ஐந்தொகை, பேரேடு ஒன்றும் வேண்டாம். ஒரு கொப்பித் தாள் போதும். சட்டங்கள், வரிச் சலுகை சம்பந்தமான விளக்கம் தேவையானால் அடுத்தடுத்த உரைகளில் பார்ப்போம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அந்த விளையாட்டில் குறை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அது நேரத்தைத் தின்னும். இன்னும் ஒரு ஆட்டம், இன்னும் ஒரு ஆட்டம் என்று இழுக்கும். அங்கே மனிதர்கள் 1 முதல் 20 வரையான எண்களாகத்தான் இருப்பார்கள். விற்கப்பட்ட அந்த 19 வயதுப் பையனின் தாய் என்ன நினைத்தாள் என்று அந்தத் திரை சொல்லாது. பாடசாலை நாட்களில் எங்கள் வீட்டில் ஒன்பது மணிக்குக் கணினி நிற்கும். அந்த விதியில் மாற்றம் இல்லை. ஆனால் கணினியைப் பறிக்குமுன்னர் ஒரு கதிரையைப் போட்டுப் பக்கத்தில் இருங்கள். "தம்பி, பிள்ளை, உங்கட கழகத்தின்ர சம்பளப் பக்கத்தை ஒருக்கால் காட்டுங்கோ" என்று கேளுங்கள். பிள்ளைக்கும் உங்களுக்கும் கதைக்க ஒரு விடயம் கிடைக்கும். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில், கையில் கிடைத்த கொஞ்சக் காசில் இங்கே சாப்பிட்டு, ஊருக்கும் அனுப்பி, கடனும் கட்டிய கணக்கு நம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்கு அறிவுரையாகச் சொன்னால் காதில் ஏறாது. அவர்களுடைய கழகத்தை வைத்துச் சொன்னால் கேட்பார்கள்.

மகன் இப்போது இரண்டாவது பருவத்தைத் தொடங்கியிருக்கிறான். இந்த முறை அவனுடைய இலக்கு முதல் ஆறு இடத்துக்குள் வருவது. என்னை நிதிப் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டான். கணக்கையும் தானே பார்க்கிறானாம். ஆலோசகராக மாத்திரம் இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறான். சம்பளம் இல்லாத பதவி.

மீண்டும் அடுத்த மாதம், வருமான வரிப் படிவத்தோடு உங்களைச் சந்திக்கும்வரை விடைபெறுகின்றேன்.